யாருக்கு ராணி?



போன வருடம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தேன். தாய்க்கொட்டாரத்தில் நிற்கும்போது ஒரு சிறுமி தன் அப்பாவிடம் கேட்டாள்: "இங்க இருந்த ராணி எந்த ராஜாவோட பெண்டாட்டி?" அவருக்குப் பதில் தெரியவில்லை. என் ஆய்வே இதுதான் என்பதால் நான் குறுக்கே புகுந்தேன். "எந்த ராஜாவுக்கும் பெண்டாட்டி இல்ல பாப்பா. ராஜாவோட அம்மா, இல்லன்னா அக்கா தங்கச்சி."

திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மருமக்கள் தாயம். அரசனுக்குப் பின் பட்டம் அவன் தம்பிக்கோ சகோதரியின் மகனுக்கோதான் போகும். ஆகவே ராணி என்பவர் அந்தக் குடும்பத்திலேயே பிறந்தவர், அல்லது தத்து எடுக்கப்பட்டவர். அரசனின் மனைவிக்குப் பெயர் அம்மச்சி. அவர் நாயர் பெண். வடசேரி, திருவட்டாறு, அருமனை, நாகர்கோவில் என்று நம் குமரி மாவட்ட ஊர்ப் பெயர்களைத் தாங்கிய அம்மவீடுகளைச் சேர்ந்தவர். அரச குடும்பத்தாரோடு ஒரே பந்தியில் அவர் உட்கார முடியாது. பொதுவெளியில் அரசனோடு ஒரே வண்டியில் போக முடியாது. பிள்ளைகள் தம்பி, தங்கச்சி என்று அழைக்கப்பட்டார்கள். இளவரசன், இளவரசி அல்ல. பட்டம் கிடைக்காததற்குத் தாய்வழி முறை காரணம், சரி. பந்தியில் இடம் கிடைக்காததற்கு? அது சாதி. நாயருக்கே இந்த நிலை என்றால், அரண்மனை வாசலைக்கூட நெருங்க முடியாதவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது, ஆட்சி செய்த ராணிகள். 1810-இல் பட்டத்துக்கு ஆண் வாரிசு இல்லாததால் கௌரி லட்சுமி பாய் அரியணை ஏறினார். 1813-இல் சுவாதித் திருநாள் பிறந்ததும் மகன் பெயரால் ஆண்டார். 1815-இல் அவர் இறக்க, தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். லட்சுமி பாய் 1812-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தார் என்று பெருமையாக எழுதுவார்கள். அதே ஆணையில், நிலத்தோடு சேர்ந்த அடிமைகளுக்கு விலக்கு உண்டு. புலையரும் பறையரும் வேறு எங்கே இருந்தார்கள்? நிலத்தில்தான். பார்வதி பாய் 1817-இல் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் முதல் அத்தியாயத்துக்கு 'மகாராணிகளின் கருணை' என்று தலைப்பு வைத்தவன் நான்தான். பெண் ஆண்டால் பெண்ணின் வலி தெரியும் என்று நம்பினேன். பிறகு 1829 ஆணையைப் படித்தேன். நாயர் பெண்களைப் போல நாடார் பெண்கள் தோள்சீலை போடக்கூடாது என்கிறது அது. மதம் மாறியவர்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாமாம். இதுவும் பார்வதி பாய் ஆட்சியின் ஆணைதான். எங்கள் ஆச்சிமார் தோள்சீலைக்காக அடி வாங்கியது ஆண் அரசனின் சட்டத்தால் மட்டும் அல்ல. மேலாடைக்கான அனுமதி வர 1859 ஆனது, அப்போதும் நாயர் பெண்கள் அணியும் முறையில் கூடாது என்ற நிபந்தனையோடு. தலைப்பை அடித்துவிட்டேன்.

கடைசியாக சேது லட்சுமி பாய். 1924-இல் பட்டத்துக்குரிய சித்திரைத் திருநாள் சிறுவன். அவரைப் பெற்ற சேது பார்வதி பாய் இளைய ராணி என்பதால், பெற்ற தாய் இருக்கும்போதே ஆட்சி மூத்த ராணியின் கைக்குப் போனது. மூலம் திருநாள் இறந்து இவர் பொறுப்பேற்ற வேளையில்தான் பெரியார் உள்ளிட்ட வைக்கம் போராளிகள் விடுதலையானார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் 1925-இல் வந்த உடன்பாட்டிலும் கோயிலின் கிழக்குப் பக்கச் சாலை நமக்குத் திறக்கவில்லை.