மண்ணை அறிந்த மக்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மக்களை நோயற்றவராயும், சுறுசுறுப்புடையவராயும், சுற்றுப்புறத்தைப் பேணுபவராயும் வளர்ப்பது எங்ஙனம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் கமிட்டியார் என்னைப் பணித்தனர். இவை மூன்றும் வெவ்வேறு பேறுகள் போலத் தோன்றும். உடலுக்கு மருத்துவரும், சுறுசுறுப்புக்கு விளையாட்டாசிரியரும், சுற்றுப்புற அறிவுக்குப் பாடநூலும் போதுமென்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆயின் மூன்றும் ஒரே வித்தினின்று முளைப்பன. அவ்வித்து யாதெனின், பிள்ளை தன் ஊரைத் தன் காலால் நடந்தறிதலே.

நம் முன்னோருட் பலர் சிற்றூர்களினின்று இந்நகர் புகுந்தவர்கள். ஏரிக்கரை வழியே நடந்து பள்ளி சென்ற அவர்கட்குத் தேகப் பயிற்சி என ஒன்று தனியே வேண்டியிருந்ததில்லை. அக்காலமே பொற்காலம் என்று நான் கூற வரவில்லை. பெரியம்மையும் வாந்திபேதியும் அன்று பிள்ளைகளைக் கொள்ளை கொண்டன. அந்நோய்களை ஓட்டிய நாம், நடையையும் உடன் ஓட்டிவிட்டோம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நம் பிள்ளை, மாடியினின்று லிப்டில் இறங்கி, வண்டியேறிப் பள்ளி சென்று, மாலையில் டியூஷன் முடித்து, இரவில் கைப்பேசியின் முன் அமர்கின்றது. அதன் கால் மண்ணைத் தொடும் பொழுது யாது?

உலக சுகாதார நிறுவனத்தார் 2020ஆம் ஆண்டு வகுத்த நெறியின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்க உழைத்தல் வேண்டும். உடலுக்கு மட்டுமன்று, கண்ணுக்கும் வெட்டவெளி வேண்டும். தைவான் நாட்டில் கிட்டப்பார்வைக் குறை பிள்ளைகளிடையே மிகுந்தமை கண்டு, நாளொன்றுக்கு 120 நிமிடம் அவர்களைப் பள்ளிக்கூரைக்கு வெளியே விடும் திட்டத்தை 2010இல் அந்நாட்டார் தொடங்கினர். பல்லாண்டுகளாக ஏறிவந்த பார்வைக்குறை அதன்பின் இறங்கத் தலைப்பட்டது. மருந்தொன்றும் இல்லை, பகல் வெளிச்சமே மருந்தாயிற்று.

இனி அறிவை நோக்குவோம். வகுப்பறையில் ஐந்திணை கற்பிக்குங்கால், நெய்தலின் மரம் புன்னை என்று சொன்னால் மாணாக்கர் உடனே எழுதிக்கொள்வர். தேர்விலும் பிழையின்றி எழுதுவர். புன்னையைக் கண்டவர் யார் என வினவினாலோ, ஒரு கையும் எழுவதில்லை. அவருட் பலர் கபாலீசுவரர் கோயிலுக்குப் பன்முறை சென்றவர்! அக்கோயிலின் தல விருட்சமே புன்னை. கண்முன் நின்ற மரத்தைக் காணாமலே வளர்ந்தவன், நாளை அதனை வெட்டுங்கால் வருந்துவானோ? அறியாததை யாரும் காப்பதில்லை.

நடையும் அறிவும் அன்பும் ஒன்றாய் விளைந்தமைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டா. பெசன்ட் நகர்க் கடற்கரையிலேயே அஃது உளது. ஆண்டுதோறும் சனவரி முதலிய திங்கள்களில் பங்குனி ஆமைகள் நம் கரையேறி, மணலைத் தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டு மீள்கின்றன. குஞ்சுகள் இரவில் வெளிப்பட்டு, கடலின் மேலுள்ள ஒளியை நோக்கி ஊரும் இயல்பின. நாம் ஏற்றிய தெருவிளக்குகளோ கடலினும் ஒளிமிக்கனவாதலின், அவை திசைமாறி நிலத்தை நோக்கி ஊர்ந்து மடிகின்றன. இதற்கு இரங்கிய மாணாக்கர் சிலர், 1988ஆம் ஆண்டு முதல், கடலாமைகளைக் காக்கும் மாணாக்கர் அமைப்பாகத் திரண்டு, நீலாங்கரையினின்று பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தூரத்தை இரவில் நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்து, வேலியிட்ட பொரிப்பிடத்தில் புதைத்துக் காத்து, ஒன்றரைத் திங்களளவில் பொரியும் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். முன்னோர் கல்வி முடித்து அகல, அடுத்த தலைமுறை மாணாக்கர் அப்பணியை ஏற்றுள்ளனர்.

அவ்விளைஞரை நடக்கவைத்தவர் யார்? தேகப் பயிற்சி ஆசிரியர் அல்லர், பரிசுமல்லர், தந்தையின் அதட்டலுமன்று. காக்கத்தக்க உயிர் ஒன்று மணலுக்குள் உளது என்னும் நினைவே நடத்திற்று. அந்நடையில் மேனி உரம் பெற்றது. கடலைப் பற்றிய அறிவும் பெருகிற்று. எக்குலத்துப் பிள்ளை வந்தது என ஆமை வினவுவதுமில்லை. பல குலத்து இளைஞரும் தோளோடு தோள் நின்று செய்யும் அப்பணியில் நம் இளைஞரும் சேர்தல் நம் குலத்திற்குப் பெருமையே. இடர் நீங்கிவிட்டதென்றும் கருதற்க. 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரைகளில் இறந்து ஒதுங்கின.

சிறு பிள்ளைகளை இரவில் அனுப்ப இயலாதே என்பீர்கள். மெய்யே. அவர்கட்குப் பகலில் காட்ட வேண்டுவன பலவுள. அடையாற்றுக் கழிமுகத்தருகே கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டுப் பாழ்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் திருத்தப்பெற்று, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாயிற்று. பாழானதும் மீளும் என்பதைப் பிள்ளை அங்கே கண்ணாற் காணும். பிரம்மஞான சபையின் தோட்டத்துப் பேராலமரம் 1989இல் புயற்காற்றால் அடிமரத்தை இழந்தும் விழுதுகளால் வாழ்கின்றது. இவற்றினும் எளிது, தன் தெருவையே நடந்து காண்பது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' உளது. ஏரி எங்கே எனப் பிள்ளை வினவட்டும். 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்தே தியாகராய நகர் எழுந்தது என்று கூறுங்கள். மழை மிகுந்தால் அங்கே தெருக்கள் ஏன் நீரில் நிற்கின்றன என்பது அதற்குத் தானே விளங்கும். 2015 திசம்பரில் அடையாறு வீட்டினுள் புகுந்ததும், 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு நாம் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதும் ஒரே பிழையின் இரு முகங்கள் என்பதும் விளங்கும். நீருக்கு நிலத்தில் இடம் விடாமையே அப்பிழை.

தெருவில் வண்டிகள் மிகுதி. பிள்ளையைத் தனியே விட அஞ்சுகிறோம் என்று தாய்மார் கூறுவது நியாயமே. தனியே விடவேண்டா. அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஐவர் ஒருங்குகூடி, பெற்றோர் ஒருவர் துணையொடு, கிழமைக்கு இருநாளேனும் பள்ளிக்கு நடக்கட்டும். படிப்புக் கெடும் என்பார்க்கு ஒரு மொழி: அரைமணி நேர நடையால் கெடும் படிப்பு, முன்னரே கெட்டிருந்த படிப்பாகும்.

இறுதியாக, உங்கள் முன்னுள்ள ஒரு காரியம். நம் சங்க மண்டபத்தின் பின்புறத்து வெற்றிடத்திற்குச் சிமெண்டுத் தளமிட்டு, கலியாணத்திற்கு வருவோர் கார்களை நிறுத்துமிடமாக்கலாம் என்னும் யோசனை வரும் பொதுக்கூட்டத்திற்கு வருகிறது. அதனால் வாடகை மிகும். அப்பணம் ஏழை மாணாக்கர் உபகாரச் சம்பளத்திற்கு உதவும் என்பர் கமிட்டியார். அவர் நோக்கம் தூயது. அதனை நான் குறைகூறேன். ஆயினும் மாலைதோறும் இத்தெருப் பிள்ளைகள் பந்தாடுவது அவ்விடத்தேதான். மண்டபக் கூரையின் மழைநீர் இறங்கிக் கிணற்றை நிரப்புவதும் அம்மண்ணில்தான். மழைநீர் சேமிப்பு 2003ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்துக் கட்டடங்கட்கு விதிக்கப்பட்ட கடமையுமாம். உபகாரச் சம்பளத்தை நாம் நன்கொடையால் ஈட்டலாம். நானும் இயன்றது தருவேன். மூடிய மண்ணை எந்நன்கொடையால் மீட்போம்? ஓர் ஏரியை மூடிய நகரத்தார் படும் பாட்டை இப்பொழுதுதான் எண்ணிப் பார்த்தோம். அதனையே சிறிய அளவில் நம் கையால் செய்தல் தகுமோ?

ஆண்டு விழாவில் மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும் நாம், அவ்விடத்தில் ஒரு புன்னைக்கன்றை நட்டு, அதனை ஓராண்டு நீரூற்றி வளர்க்கும் பிள்ளைகட்கும் ஒரு பரிசு வைப்போமாக. பொதுக்கூட்டத்தில் கை உயர்த்துமுன், உங்கள் பிள்ளையை ஒரு மாலை அங்கே அழைத்துச் சென்று, அது விளையாடுவதைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். பின்னர் உங்கள் மனம் கூறுமாறு செய்யுங்கள்.