ஓடும் பிள்ளைகளின் கால்வலியும் எண்ணெய் தேய்த்து நீவுதலும்

(வாலிகண்டபுரத்தில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், நம் பிள்ளைகள் ரஞ்சன்குடிப் பக்கம் ஓடிப் போவதைப் பார்க்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், மனம் நிறைகிறது. சிலர் காவலர் தேர்வுக்காக ஓடுகிறார்கள். அதில் ஆண் பிள்ளைகள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இன்னும் சிலர் திருச்சிக்கும் சென்னைக்கும் போய் 10 கிலோமீட்டர், 21 கிலோமீட்டர் ஓட்டங்களில் கலந்துகொள்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரரான ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பெருநகரத்தில் பிறந்தவர்தான் ஓட முடியும் என்பதில்லை.

ஆனால் இன்று நாங்கள் பேச வந்தது பதக்கத்தைப் பற்றியல்ல. ஒரு பிள்ளையின் காலைப் பற்றி. பெயர் வேண்டாம். காவலர் தேர்வுக்குத் தயாரான பையன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்றான். அவன் அத்தா தினமும் இரவு தைலம் தேய்த்து அழுத்தி நீவி விட்டார். எங்களிடம் கேட்டபோது நாங்களும், "ஓடுகிற பிள்ளைக்கு வலி இருக்கத்தான் செய்யும், நன்றாக உருவி விடுங்கள்" என்றுதான் சொன்னோம். மூன்று வாரம் கழித்து அவனால் காலை ஊன்ற முடியவில்லை. எலும்பில் மெல்லிய விரிசல் என்றார் மருத்துவர். தேர்வு நாளன்று அவன் வீட்டில் இருந்தான். அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு வேலை, ஒரு வருமானம். அன்பால் செய்ததுதான், ஆனால் அறியாமல் செய்தோம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில், மசாஜ் புதிதாக வந்த ஆடம்பரம் அல்ல. நம் சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அவற்றில் ஒன்று தொக்கணம். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என்று அதிலேயே ஒன்பது முறைகள் உண்டு. யூனானியில் இதற்கு 'தல்க்' என்று பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இப்னு சீனா, உடற்பயிற்சிக்கு முன் உடலைத் தயார்ப்படுத்தத் தேய்ப்பது வேறு, பயிற்சிக்குப் பின் களைப்பு நீங்கத் தேய்ப்பது வேறு என்று பிரித்து எழுதினார். பின்னதை எண்ணெய் கொண்டு மென்மையாகச் செய்ய வேண்டும் என்றார். இன்றைய ஆய்வுகளும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கின்றன.

இரண்டாவது, மசாஜ் எதைச் செய்யும், எதைச் செய்யாது? "காலில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை நீவி வெளியேற்ற வேண்டும்" என்று பயிற்சி மைதானங்களில் சொல்வார்கள். அது சரியல்ல. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் உடலே அதைச் சரிசெய்துவிடும். அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் படி இறங்கும்போது வலிக்கிறதே, அது தசை நார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சேதத்தால் வருவது. 2012-ல் கனடாவில் 11 இளைஞர்களைக் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து தசையைச் சோதித்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்திருந்தன; லாக்டிக் அமில அளவில் வேறுபாடு இல்லை. 2020-ல் 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மசாஜால் ஓட்டவேகம், பலம் கூடுவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தசைவலி ஓரளவு குறைகிறது, உடல் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஆகவே மசாஜ் செய்தால் நேரம் குறையும் என்று பிள்ளைகள் நம்ப வேண்டாம். நேரத்தைக் குறைப்பது பயிற்சி. பயிற்சியைத் தாங்க வைப்பது தூக்கம், உணவு, தண்ணீர், ஓய்வு. அவற்றுக்குத் துணையாக நிற்பதுதான் மசாஜ்.

மூன்றாவது, எப்படிச் செய்வது? பயிற்சிக் காலத்தில் வாரம் ஒருமுறை போதும். கடினமாக ஓடிய நாளுக்கு மறுநாள், நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ இளஞ்சூட்டில் எடுத்து, கெண்டைக்கால், தொடை, பின்தொடை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி மெதுவாக நீவலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து முதல் பத்து நிமிடம். பிள்ளை பல்லைக் கடிக்கும் அளவு அழுத்தக் கூடாது. எலும்பின் மேலும், முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியிலும் அழுத்தவே கூடாது. போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் ஆழமாகப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். கால் கனத்துப் போகும். போட்டி முடிந்த உடனே உட்கார வேண்டாம். பத்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு மெல்ல நீவினால் போதும். ஆழமான மசாஜ் வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் கழித்து, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் செய்துகொள்ளலாம்.

நான்காவது, இதை வீட்டுக்கு வீடு நினைவில் வையுங்கள். எப்போது கை வைக்கக் கூடாது?

ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பில் ஒரே இடத்தில் வலி, ஓய்விலும் இரவிலும் தொடரும் வலி இருந்தால், அது விரிசலாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவுவது உயிருக்கே ஆபத்து. ஓடும்போது 'டப்' என்று தசை பிடித்து இழுத்திருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் நீவக் கூடாது. காய்ச்சல், தோலில் புண் இருந்தாலும் வேண்டாம். கடும் ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன பெரியவர்களுக்குச் சூடான எண்ணெயோ அழுத்தமோ ஆகாது. அவர்களுக்குச் சூடும் வலியும் தெரியாது.

நம் பெண் பிள்ளைகளும் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார்கள். அவர்களுக்கு வீட்டிலேயே தாயும் சகோதரியும் செய்துவிடலாம். தன் காலைத் தானே நீவிக்கொள்ளவும் எளிதாகப் பழகலாம். கூச்சத்தால் வலியை மறைக்க வேண்டாம் என்று தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறோம். ரமழானில் கடும் ஓட்டத்தைக் குறைத்து, நோன்பு திறந்து தண்ணீரும் உணவும் எடுத்த பிறகு இலேசான பயிற்சி செய்யட்டும்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். "தாங்கிக்கொள்" என்று சொல்வதற்கு முன், "எங்கே வலிக்கிறது, காட்டு" என்று கேட்போம். எந்தப் பிள்ளைக்காவது ஒரு வாரத்துக்கு மேல் கால்வலி நீடித்தால் அறக்கட்டளையில் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போவதும், வசதி இல்லாதவருக்கு அந்தச் செலவை ஏற்பதும் எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பையன் இப்போது மறுபடி மெல்ல ஓடத் தொடங்கியிருக்கிறான். அடுத்த தேர்வில் அவன் வெற்றி பெற அனைவரும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.