அசையாத நாட்கள்



நோயைப் பற்றிய எழுத்துக்கள் எந்த மொழியிலும் ஏராளம். நோய் தணிந்து உடல் தேறிவரும் காலத்தில், படுக்கையில் அசையாது கிடக்க வேண்டிய வாரங்களைப் பற்றிய எழுத்துக்கள் அவ்வளவாக நம் கண்ணிற் படுவதில்லை. அமெரிக்கப் பெண் எழுத்தாளர் இருவரின் ஆக்கங்களை முன்வைத்து அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

சார்லட் பேர்க்கின்ஸ் கில்மன், பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வுக்கு ஆளானவர். 1887ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் பெரும் புகழோடு விளங்கிய வைத்தியர் வெயர் மிச்செலிடம் அவர் சென்றார். மிச்செலின் 'ஓய்வுச் சிகிச்சை' படுக்கை, ஊட்டமான உணவு, தனிமை என்பவற்றாலானது. வீடு திரும்பும்போது, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறிவு சார்ந்த வேலை ஆகாது, பேனாவையும் தூரிகையையும் ஆயுள் உள்ளவரை தொடவே கூடாது என்பது அவருக்குக் கிடைத்த புத்திமதி. அந்த ஓய்வு தம்மைப் பித்தின் விளிம்புவரை கொண்டு சென்றதாக அவரே பின்னர் எழுதினார். 1892இல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்க் கடதாசி' என்னும் சிறுகதை அதன் விளைவு. கணவனான வைத்தியரால் மேல்மாடி அறையில் ஓய்வுக்கு வைக்கப்பட்ட பெண், சுவர்க் கடதாசியின் கோலத்துக்குப் பின்னே இன்னொரு பெண் சிறைப்பட்டிருப்பதைக் காண்கிறாள்.

மற்றவர் எலிசபெத் ரோவா பெய்லி. முப்பத்துநான்கு வயதில் வந்த கடும் நோய் அவரைக் கட்டிலோடு சேர்த்துவிட்டது. சினேகிதி ஒருத்தி ஒரு செடியைச் சாடியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதில் ஒரு நத்தை. இதை வைத்து என்ன செய்வது என்றுதான் முதலில் பெய்லிக்குத் தோன்றியது. ஆனால் வாடிய பூவொன்றை அது தின்னும் மெல்லிய ஓசை காதில் விழுந்தபோது அறையில் தாம் தனித்தில்லை என உணர்ந்தார். 2010இல் வெளியான அவரது நூலின் தலைப்பை 'காட்டு நத்தை தின்னும் ஓசை' எனத் தமிழிற் சொல்லலாம்.

இருவரும் கிடந்தது கட்டிலில்தான். கில்மனின் கதாநாயகி பிறரால் கண்காணிக்கப்படுகிறாள். பெய்லியோ தாமே கவனிப்பவராக இருக்கிறார். ஒரே கட்டில் ஒருத்திக்குச் சிறையாகவும் மற்றவருக்குப் புகலிடமாகவும் ஆனதற்குக் காரணம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஆறு வாரம் கிடந்தவன் நான். "ஆறுதலாகப் படுத்திருங்கோ" என்றார் வைத்தியர். படுத்திருந்தேன், ஆறுதல் வரவில்லை. 1990களை யாழ்ப்பாணத்திற் கழித்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு அமைதி என்பது இரண்டு ஷெல்களுக்கு இடைப்பட்ட நேரம். ஊர் அடங்கினால் காது விழித்துக்கொள்ளும். ஓடுவதற்கு ஆயத்தமாக இருப்பதே பாதுகாப்பு. 2009இல் போர் முடிந்த செய்தி உடம்புக்கு இன்னும் முற்றாகப் போய்ச் சேரவில்லை. ஓட முடியாமல் மல்லாந்து கிடந்தபோது, வீடு அடங்கிய மத்தியான வேளைகளிலேதான் எனக்கு நெஞ்சு படபடத்தது.

எனக்கு வாய்த்தது நத்தையன்று, ஒரு பல்லி. விளக்கேற்றியதும் சுவர் மணிக்கூட்டின் பின்னாலிருந்து வரும். பூச்சியைக் கண்டால் அப்படியே வெகுநேரம் அசையாது நிற்கும். அது பயத்தால் வந்த அசைவின்மை அன்று. பொழுதுபோக்காகப் பார்க்கத் தொடங்கியவன், பின்னர் பகலிலேயே அது வரும் நேரத்தை எண்ணலானேன். ஷெல்லுக்கு விழித்திருந்து பழகிய காது, பல்லி சொல்வதற்காகக் காத்திருக்கப் பழகியது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் என்னிடம் இல்லை. ஆயினும் மூன்றாம் வாரமளவில், ஒரு மத்தியானம் நான் அயர்ந்து தூங்கிவிட்டேன்.

நோயாளியைப் பார்க்கப் போகும் நாங்கள் நெஸ்டமோல்ட்டும் தோடம்பழமும் கொண்டு போகிறோம். "ஒன்றையும் யோசியாமல் றெஸ்ற் எடுங்கோ" என்ற கட்டளையையும் விட்டு வருகிறோம். பெய்லியின் சினேகிதி கட்டளை எதுவும் இடவில்லை. சாடியைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த முறை அப்படிப் போகும்போது, படுத்திருப்பவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். வெறுஞ் சுவர்தான் தெரியுமாயின், கட்டிலை யன்னற் பக்கம் திருப்பிவிட்டு வாருங்கள்.