கேமரா போச்சு, படம் தப்பிச்சது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



"மேடம், கேமரா எங்கே?" என்று எல்லோரும் கேட்டீங்க. அது சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. உங்கள் குழு தொடங்கிய நாள், கடன் வாங்கிய நாள் எல்லாம் அதில்தான் எடுத்தேன். போன மாதம் பைக்குள் தண்ணீர் பாட்டில் கொட்டி நனைந்துவிட்டது. பதற்றத்தில் உடனே ஆன் பண்ணிப் பார்த்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் உள்ளே ஷார்ட் ஆகிவிடும். முதலில் பேட்டரியைக் கழற்றி, துடைத்து, சில நாள் நிழலில் காயவைத்திருக்க வேண்டும். செல்போன் நனைந்தாலும் உடனே ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க. அரிசிக்குள்ளும் வைக்காதீங்க, தூசி உள்ளே போகும்.

நல்லவேளை, மெமரி கார்டு தப்பியது. அதில் நம்ம உறுப்பினர் ஒரு அக்காவோட அம்மா படம் இருந்தது. அம்மா இப்போது இல்லை. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். "எங்கம்மாவுக்கு இருக்கிறது இந்த ஒரு படம்தாம்மா" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். கார்டும் போயிருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

கேமரா திரும்ப வாங்கலாம். அந்தப் படத்தை எங்கே வாங்குவது? படமானாலும், தீர்மான நோட்டானாலும், பாஸ்புக்கானாலும் ஒரு நகல் எடுத்து வேறொரு வீட்டில் வையுங்க. இந்த மாதமே செய்யுங்க.