கடலூர் ஆறுமுகம் பிள்ளைக்கு வந்த அழைப்பு



இறைவன் ஒருவனைக் கூப்பிடுவது கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரைக்குப் புதிய சங்கதி அல்ல. சூலை நோய் வாட்ட, சமணத்தை விட்டுச் சிவனிடம் திரும்பிய அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். அவர் கரை சேர்ந்ததாகச் சொல்லும் இடம் இங்கே பக்கத்தில்தான், கரையேறவிட்டகுப்பம். ஆனால் அதே கடலூரில் சைவ வணிகர் வீட்டில் பிறந்த ஆறுமுகம் பிள்ளையை எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொன்னால் பத்துப் பேர் தேறுவது சந்தேகம்.

1718இல் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்து ஆரோன் என்று பெயரிட்டார். 1733 டிசம்பர் 28 அன்று அந்த ஆரோன் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு சபையில் அந்தப் பட்டத்துக்கு வந்த முதல் இந்தியர் நம்ம ஊர்க்காரர்.

"நானா? எனக்கு ஏது தகுதி?" வேதாகமத்தில் அழைக்கப்பட்டவர்களில் பலர் முதலில் சொன்ன பதில் இதுதான். மோசே தன் நாக்கு திக்கும் என்றார். எரேமியா, தான் சிறுபிள்ளை என்றார். கிதியோன் தன் குடும்பத்தின் எளிமையைக் காட்டி நழுவப் பார்த்தார். மோசேயின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டுக் கடவுளுக்கே கோபம் வந்துவிட்டது. ஆனாலும் ஆளை விடவில்லை. பேசுவதற்குத் துணையாக அண்ணனைக் கூட அனுப்பினார். அந்த அண்ணன் பெயரும் ஆரோன்தான்.

சீகன்பால்கு மட்டும் என்ன வீரரா? உடம்பு சரியில்லாமல் ஹாலே பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் மிஷன் ஊழியத்துக்கு ஆள் தேடியபோது வயது 23. கோபன்ஹேகனில் பேராயர் வைத்த முதல் தேர்வில் தேறவில்லை. அரசர் தலையிட்ட பிறகுதான் குருப்பட்டம் கிடைத்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். இரண்டு ஆண்டு கழித்து டேனிஷ் கோட்டைத் தளபதியே அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். சிறைக்குப் போன அதே மனிதர் 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிவிட்டார். தொட்டதெல்லாம் துலங்கும் ஆளாக அவர் கப்பலேறவில்லை என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது இனிப்பான பாதி. மற்ற பாதி கசக்கும்.

1733இல் குருப்பட்டத்துக்கு இன்னொரு பெயரும் அடிபட்டது: ராஜநாயக்கன். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். தரங்கம்பாடி அச்சகத்தில் வந்த சுவிசேஷப் புத்தகம் கைக்குக் கிடைத்து, படித்து, மனம் மாறி, உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் பலரைச் சபையில் சேர்த்தவர். உழைப்பில் குறை சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் மேல்சாதிக்காரர்கள் நற்கருணை வாங்குவார்களா என்று மிஷனரிமார் தயங்கினார்கள். பட்டம் ஆரோனுக்குப் போனது. அடுத்து 1741இல் தியோகு என்பவருக்குப் போனது.

ஆரோனைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாயவரம் பக்கம் அலைந்து திரிந்து சபைகளைப் பார்த்து, 1745இல் கண்மூடிய உழைப்பாளி அவர். கேள்வி அவரைப் பற்றியது அல்ல. அழைக்கப்பட்டவனின் சந்தேகத்தைக் கடவுள் பொறுமையாகத் தீர்த்துவைக்கிறார். மோசே கதை அதுதான். கூட இருப்பவர்களின் சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் பெரும்பாடு. "என்னால் முடியுமா?" என்று ராஜநாயக்கன் கேட்டிருந்தால் ஜெபத்தில் பதில் கிடைத்திருக்கும். "உன்னை நாங்கள் ஏற்போமா?" என்று சபை கேட்டதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்?

சபைப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊழியத்துக்கு வருகிறேன் என்று ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நின்றால், அந்தத் தயக்கத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். அதற்கு முன் உங்கள் தயக்கம் என்னவென்று பாருங்கள். ராஜநாயக்கன் நாற்பது ஆண்டுக்கு மேல் ஊழியம் செய்து 1771இல் இறந்தார். கடைசி வரை உபதேசியார்தான்.