பெயரும் கைரேகையும் அமானிதமே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



வரும் ஆண்டில் மதரஸா மாடியில் பெண்களுக்குத் தையல் வகுப்பும், மாணவர்களுக்குக் கணினி வகுப்பும் தொடங்குவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. இயந்திரம் வாங்குவது பற்றியும், ஆசிரியர் அமர்த்துவது பற்றியும், கட்டணம் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகச் சொன்னார்கள். அவர்கள் தொடாத ஒன்றைப் பற்றி நான் பேச விரும்புகிறேன். சேர வரும் பிள்ளைகளிடம் நாம் எழுதி வாங்கப்போகும் விவரங்களைப் பற்றியது அது.

இன்று எந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாலும் ஒரு படிவம் தருகிறார்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தக நகல், புகைப்படம், ஆதார் நகல் அனைத்தையும் கேட்கிறார்கள். சில திட்டங்களில் வருகைப் பதிவுக்கு விரல் ரேகையும் வைக்கிறோம். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா, தமிழக அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய நான் முதல்வன் போன்ற திட்டங்களால் இலட்சக்கணக்கான பிள்ளைகள் பயிற்சிக்குப் பதிந்திருக்கிறார்கள். கல்வராயன் மலைமேல் உள்ள பிள்ளைகளும் இறங்கி வந்து படிக்கிறார்கள். இவை பயனுள்ள ஏற்பாடுகள். ஆனால் கட்டணத்தைக் கொடுக்கும்போது ரசீது கேட்கிற நாம், விவரங்களைக் கொடுக்கும்போது ஒன்றும் கேட்பதில்லை.

அமானிதம் என்றால் பணமும் நகையும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஒருவர் நம்மை நம்பி எதை ஒப்படைத்தாலும் அது அமானிதமே. மக்கத்து மக்கள் நபியவர்களிடம் தங்கள் பொருள்களைக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஊரே பகைத்து நின்று, உயிருக்கே ஆபத்து வந்து, ஹிஜ்ரத் புறப்பட்ட அந்த இரவிலும், அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திச் சென்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஒரு பெண்ணின் புகைப்படமும் தொலைபேசி எண்ணும் நம் பீரோவில் இருக்குமானால், அதற்கும் இதே சட்டம்தான்.

விவரம் வெளியே போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் காலத்தில் நம் வீடுகளுக்கு எத்தனை அழைப்புகள் வருகின்றன? பிள்ளையின் பெயரைச் சொல்லி, படித்த பாடப் பிரிவைச் சொல்லி, முன்பின் அறியாத ஒருவர் கல்லூரியில் சேரச் சொல்கிறார். பட்டியல் எங்கோ கைமாறியிருக்கிறது என்பதே பொருள். அதே பட்டியல் மோசடிக்காரன் கைக்குப் போனால், கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்பான். பெயரும் பள்ளியும் சரியாகச் சொல்கிறானே என்று நம்பி ஏழைத் தாய் எண்ணைச் சொல்லிவிடுவாள். கணக்கில் இருந்த பணம் போய்விடும். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை எப்படி மாற்றுவது?

நம் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயரும் நிலையத்தின் பெயரும் வேண்டாம். ஒரு பெண்பிள்ளை கணினிப் பயிற்சியில் சேர்ந்தாள். அந்த நிலையத்தார் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, சேர்ந்த அனைவரின் பெயர், எண், புகைப்படம் கொண்ட பட்டியலை அதில் போட்டார்கள். சில நாள்களில் அவளுக்கு இரவு நேரத்தில் அழைப்புகள் வரத் தொடங்கின. தந்தை பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டார். தவறு செய்தது நிலையம், தண்டனை பெற்றது அந்தப் பிள்ளை. நம் பெண்மக்களைப் படிக்க அனுப்புங்கள் என்று மிம்பரில் நின்று சொல்கிறோம். அனுப்பிய பெற்றோரின் நம்பிக்கையை ஓர் அலட்சியம் உடைத்துவிடுமானால், அடுத்த பத்துப் பிள்ளைகளும் வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

விவரங்களைக் காப்பது ஒரு கடமை. அவற்றைச் சரியாக எழுதுவது மற்றொரு கடமை. பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவை ஆய்வு செய்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 95.9 இலட்சம் பேருடைய பதிவுகளில் 94 விழுக்காட்டிற்கும் மேலானவற்றில் வங்கிக் கணக்கு எண்ணுக்குரிய இடம் வெறுமையாகவோ, சுழியமாகவோ, பொருளற்ற குறியாகவோ இருந்ததாக அதில் சொல்லப்பட்டிருக்கிறது. எஞ்சியவற்றிலும் ஒரே கணக்கு எண் பலருக்கு எழுதப்பட்டிருந்தது. ஊக்கத்தொகை எப்படி உரியவரைச் சேரும்? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனத்தில் கட்டளை பெற்ற சமுதாயம் நாம். ஏட்டில் பிழையாக எழுதுவதைச் சிறிய குற்றமாக நாம் கருதலாகாது.

இனி நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அவர்கள் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26ஆம் நாள் வந்த ஆதார் தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்பதற்கு இடம் கொடுத்திருந்த பகுதி செல்லாது எனப்பட்டது. அதன்பின் 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மையான கடமைகள், விதிகள் வெளியாகிப் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் கால அவகாசம் தரப்பட்டது.

தாளில் எழுதி வாங்கிப் பின்னர் கணினியில் ஏற்றிய விவரங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும். அதன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த விவரம், எதற்காக என்று முன்னரே அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் பெறவும் வழி இருக்க வேண்டும். ஒப்புதல் மனமுவந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும். சொன்ன நோக்கத்திற்குத் தேவையானதை மட்டுமே வாங்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும், கொடுத்ததைப் போலவே எளிதாக இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாத பிள்ளை என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். தன்னைப் பற்றிய பிழையைத் திருத்தச் சொல்லவும், தேவை முடிந்தபின் அழிக்கச் சொல்லவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. விவரங்கள் கசிந்துவிட்டால் மறைக்காமல், பாதிக்கப்பட்டவருக்கும் அதற்கென உள்ள வாரியத்திற்கும் தெரிவிக்க வேண்டும். போதிய பாதுகாப்புச் செய்யாமல் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நமக்கும் ஒரு கடமை உண்டு: பிறர் பெயரில் விவரம் தரலாகாது.

சட்டம் நமக்குப் புதிது. அதன் உட்கருத்து புதிதன்று. அனுமதி பெறாமல் பிறர் வீட்டுக்குள் நுழைவதையும், பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதையும் மார்க்கம் நமக்குத் தடுத்திருக்கிறது.

எனவே நமது வகுப்புக்கு ஐந்து ஒழுங்குகளை நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறேன்.

முதலாவது: தேவையானதை மட்டும் கேட்போம். தையல் கற்க வருபவருக்குச் சாதிச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் எதற்கு? அரசுத் திட்டத்தில் இணைந்து ஊக்கத்தொகை வழங்கும் நிலை வந்தால் அப்போது கேட்டுக்கொள்ளலாம். அடையாளம் அறிய ஆதாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். நகல் வேண்டியிருந்தால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பெறுவோம்.

இரண்டாவது: படிவத்தின் தலைப்பிலேயே, இவ்விவரம் இன்னதற்காக வாங்கப்படுகிறது, இன்னார் பொறுப்பில் இருக்கும் என்று தமிழில் அச்சிடுவோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.

மூன்றாவது: பதிவேடு பூட்டிய பீரோவில் இருக்கட்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கணினியில் இருப்பதற்குக் கடவுச்சொல் இருக்கட்டும். அதைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டி வைக்க வேண்டாம். பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ, பெண்பிள்ளைகளின் புகைப்படத்தை விளம்பரத்தில் போடுவதோ அறவே கூடாது.

நான்காவது: பயிற்சி முடிந்தபின் எதை வைப்பது, எதை அழிப்பது என்று இப்போதே தீர்மானிப்போம். பெயர், படித்த பாடம், தேர்ச்சி, சான்றிதழ் எண் ஆகியவை இருக்க வேண்டும். பத்தாண்டு கழித்துச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு வருபவருக்கு அவை உதவும். அடையாள அட்டை நகல்களை, தணிக்கைக்கோ அரசுத் திட்டத்திற்கோ தேவையில்லையெனில், திருப்பிக் கொடுக்கலாம் அல்லது கிழித்து அழிக்கலாம். கட்டுக் கட்டாகப் பழைய தாள் கடைக்குப் போடுவது அழிப்பதாகாது. அந்தத் தாளில் நாளை யாரோ பொட்டலம் மடிப்பார்.

ஐந்தாவது: வெளியார் யார் பட்டியல் கேட்டாலும், கல்லூரியோ, கடன் நிறுவனமோ, அரசியல் கட்சியோ, நம் ஜமாஅத்தின் வேண்டியவரோ ஆனாலும், பிள்ளைகளின் ஒப்புதலின்றிக் கொடுக்கலாகாது. சட்டப்படி அதிகாரிகள் கேட்டால் எழுத்தில் பெற்றுக் கொடுப்போம்.

இதே ஒழுங்கு நம் உதவித்தொகை விண்ணப்பங்களுக்கும் ஜகாத் பெறுவோர் பட்டியலுக்கும் வேண்டும். வறுமையை நம்பிச் சொன்னவரின் மானம் அந்தத் தாளில் இருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்பவர் எடைச் சீட்டு வாங்காமல் திரும்புவதில்லை. கரும்புக்குக் காட்டும் அந்தக் கவனத்தைப் பிள்ளையின் விவரத்திற்கும் காட்டுங்கள். எதற்காக, எவ்வளவு காலம், யார் பொறுப்பு என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நகல் கொடுத்தால் அதன்மேல், இன்ன பயிற்சிக்காக மட்டும் என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

கோமுகி அணையின் மதகு வழியே போன நீர் மீண்டும் அணைக்குத் திரும்புவதில்லை. வெளியே போன விவரமும் அப்படித்தான். ஆதலால் முதல் படிவம் அச்சாகும் முன்பே இந்த ஐந்து ஒழுங்குகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, வகுப்பறைச் சுவரில் எல்லாரும் காணும்படி எழுதி வைக்குமாறு முத்தவல்லி அவர்களையும் நிர்வாகக் குழுவினரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவர் மனம் கோணாமல் காக்கும் நற்பண்பை வல்ல நாயன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.