திரையில் தோன்றும் பெண்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



கணிப்பொறி விளையாட்டைப் பற்றி இம்முதியவன் பேசுவதா என்று நீங்கள் நகைக்கலாம். என் பேர்த்தி விளையாடுவதை அருகிருந்து பார்த்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

திரையில் யார், எவ்வுருவில் தோன்றலாம் என்னும் வழக்கு இத்திருவனந்தபுரத்திற்குப் புதிதன்று. அகத்தீசுவரத்தில் பிறந்த ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்னும் முதல் மலையாளப் படம் இந்நகரத்துக் கேப்பிட்டல் கொட்டகையில் காட்டப்பெற்றது. 1928இல் என்பாரும் 1930இல் என்பாரும் உளர். அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. அவர் புலையர் குலத்தவர் என்பதனால் கூட்டத்தினர் வெகுண்டு திரையின்மேல் கல்லெறிந்தனர். ரோசி ஊரைவிட்டே ஓடித் தமிழகத்தில் வேறு பெயருடன் வாழ்ந்து மறைந்தார்.

விளையாட்டுத் திரையில் கல்லெறி இல்லை. ஆனால் நெடுநாள் இடமும் இல்லை. 1985இல் வந்த மாரியோ விளையாட்டில் பெண், மீட்கப்படக் காத்திருக்கும் இளவரசி. 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் பைட்டர்' இரண்டாம் பதிப்பில் வீரர் எண்மருள் பெண் ஒருத்தியே. அதிலுள்ள இந்தியரோ கழுத்தில் மண்டையோடு அணிந்து, வாயால் தீயுமிழ்கிறார்! அதைக் கண்டு நம் பிள்ளைகளும் கைகொட்டினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

2023இல் கனடாவின் விசை கேம்ஸ் நிறுவனம் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. தலைவி வெண்பா, கணவன் பாவலனுடன் 1980களில் கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்ப்பெண். வாளில்லை, துப்பாக்கியில்லை. தாய் தந்த சமையற்குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமான பாப்டா, அறிமுக விளையாட்டுக்குரிய பரிசை இதற்கு வழங்கிற்று.

பெண்ணென்றால் அடுக்களைதானா என்று சகோதரிகள் கேட்கலாம். நேரிய கேள்வியே, எனக்கும் அவ்வையம் எழுந்தது. ஆயினும் வேலை கிடையாத துயரும், தாயகம் திரும்பலாமா என்னும் ஊசலாட்டமும், மகனுக்குத் தன் மொழி கசப்பதைக் காணும் வேதனையும் அவ்வடுக்களையிலேயே நிகழ்கின்றன. பிறர் மீட்க அவள் காத்திருக்கவில்லை. புலம்பெயர்ந்த நம் வீட்டுத் தாய்மார்கள் இதுகாறும் எந்த விளையாட்டிற்குத் தலைவியாயினர்?

மகன் கவின் வளர்ந்தபின் அக்குறிப்பேட்டைத் தானே எடுத்துச் சமைக்க முயல்கிறான். தமிழ் எழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. அவ்விடத்தில் என் பேர்த்தி ஆட்டத்தை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்பவள் அவள். தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். குற்றம் என்னுடையது.

மறுநாள் தன் பாட்டியின் பழைய குறிப்பேட்டைப் பரணிலிருந்து எடுத்துவந்து, முதற்பக்கத்தில் விரல் வைத்து, "தாத்தா, இது என்ன எழுத்து?" என்றாள். புளிக்குழம்பிற்கு வேண்டிய மல்லியின் அளவு அது. மை சற்றே கலைந்திருந்தது. எழுத்தெழுத்தாகக் கூட்டி இருவரும் படித்தோம்.